மேடையும் சமுதாய ஒற்றுமையும்: வணிகர்களுக்கு ஒரு பாடம்



இம்முறை நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் நாடகமும் கதை சொல்லலும் ஆகும். கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கக் கூடும். ஆவது உண்டு; அதுவும் பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றவரைக் காட்டிலும் அதிகமாகவே உண்டு. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சந்தையில் மட்டும் சந்திக்கும் மக்கள்

ஜே. எஸ். பர்னிவால் என்பவர் பர்மாவில் ஆங்கில ஆட்சியின் அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1948இல் வெளிவந்த தம் நூலில், அந்நியர் ஆண்ட நாடுகளின் சமுதாய அமைப்பைப் பற்றி அவர் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். பல இனத்தார் ஒரே ஆட்சியின் கீழ் அருகருகே வாழ்கின்றனர். ஆயினும் அவர்கள் ஒன்றாகக் கலப்பதில்லை. ஒவ்வோர் இனமும் தன் சமயம், தன் மொழி, தன் பழக்கம் என்று தனித்தே நிற்கின்றது. அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது சந்தையில் மட்டுமே. வாங்கவும் விற்கவுமே சந்திக்கின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம்.

அவர் முதன்மையாக ஆராய்ந்தவை பர்மாவும் ஜாவாவும். ஆயினும் அக்கூற்று மலாயாவுக்கும், குறிப்பாக நம் பேராக்குக்கும், மிக நன்றாகப் பொருந்தியது.

அவர் சொன்ன அந்தச் சந்தை எது? நம்முடைய கடைதான்! ஈப்போவின் அஞ்சடியிலும், தைப்பிங், கம்பார், சுங்கை சிப்புட் கடைத்தெருக்களிலும், தோட்டத்து முனையிலிருந்த சாமான் கடைகளிலும் நம் முன்னோர் நின்று வியாபாரம் செய்தார்கள். பால்மரம் வெட்டும் தமிழரிடம் தமிழிலும், கம்பத்து மலாய்க்காரரிடம் மலாயிலும், லம்பத்துச் சீனரிடம் தெரிந்த சில சீனச் சொற்களிலும் பேசினார்கள். கடன் எழுதும் 555 நோட்டில் எல்லா இனத்தார் பெயரும் இருந்தது. அத்தனை பேருடைய பெயரும் பாக்கியும் நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எதை இழந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பவை நமக்குத் தெரியுமா? நம்மைப் பற்றித்தான் அவர்களுக்கு என்ன தெரியும்?

சந்தையில் சந்திப்பது போதாது. ஒருவர் கதையை ஒருவர் கேட்டாக வேண்டும். இப்பாடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

2. சுவர்கள் எழுந்த விதம்

இனங்களுக்கிடையே இருக்கும் சுவர்கள் இயற்கையாக முளைத்தவை அல்ல. ஆட்சியும் தொழிலும் சேர்ந்து எழுப்பியவை அவை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தைத் தேடிச் சீனர் திரளாக வந்தனர். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் ஒப்பந்தத்தின் மூலமும் கங்காணிகள் மூலமும் கொண்டுவரப்பட்டு லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். மலாய்க்காரர் நெல் வயலோடும் கம்பத்தோடும் இருக்க வேண்டியவர் என்று ஆட்சியாளர் முடிவு செய்தனர். இன்ன இனம் இன்ன வேலைக்கே உரியது என்று முத்திரை குத்தப்பட்டது. சோம்பல், பேராசை, குடி என்று ஒவ்வோர் இனத்தின் மீதும் ஒரு பழிச்சொல்லும் சுமத்தப்பட்டது.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1950 முதல் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், கம்பி வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்ட லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டுக் காவலுக்குள் வந்தன. ஊரடங்கால் இராப் பயணம் நின்றது. முன்பே பிரிந்திருந்தவர்கள் மேலும் பிரிந்தனர்.

பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலமாக மாறின. லயங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர ஓரத்துத் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. இன்று ஒரே மாடியில் மூன்று இனத்தாரும் இருக்கின்றனர். கதவுகள் அருகருகே இருந்தாலும் பழைய முத்திரைகள் அவரவர் வீட்டுக்குள் அப்படியே இருக்கின்றன.

இந்த முத்திரைக்குத் தமிழ் முஸ்லிம்களாகிய நாமும் தப்பவில்லை. ஈப்போவில் ஷெய்க் ஆதம் என்னும் வணிகர் கட்டிய இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் 1908 முதல் நிற்கின்றது. அவ்வளவு காலமாக இம்மண்ணில் வேரூன்றியும், தமிழர் சிலர் நம்மைத் தமிழரல்லர் என்கின்றனர். மலாய்க்காரர் சிலர் மாமாக் என்று ஒதுக்குகின்றனர். உறவு கொண்டாடும் ‘மாமா’ என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயரே சில வாய்களில் ஏளனமாகிவிட்டது. நம் பிள்ளைகள் பள்ளியில் ‘நீ எந்த இனம்?’ என்ற கேள்விக்கு விடை தேடித் தடுமாறுவதைப் பெற்றோர் பலர் அறிவர்.

3. முன்பு ஒரு மேடை இருந்தது

நிற்க. இச்சுவர்களுக்கிடையே முன்பொரு காலத்தில் எல்லா இனத்தாரையும் ஒரே கொட்டகையில் உட்கார வைத்த மேடை ஒன்று இருந்தது. அதுவே பங்சாவான் நாடகம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து இந்துஸ்தானி மொழியில் நாடகம் நடத்தின. மக்கள் மொழி புரியாமலே பாட்டுக்கும் காட்சிக்கும் மயங்கினர். அதனைக் கண்ட பினாங்கு முஸ்லிம் செல்வரான மாமாக் புஷி என்பவர், தம் மருமகன் பாய் காசிமுடன் சேர்ந்து, 1885இல் ‘புஷி இந்திரா பங்சாவான்’ என்னும் குழுவை அமைத்தார் என்று நாடக வரலாறு கூறுகின்றது. இந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரரும் மணவுறவால் கலந்த ஜாவி பெரானாக்கான் சமுதாயத்தைச் சேர்ந்தவராக அவரைக் குறிப்பிடுவர். அவர் பெயரிலேயே ‘மாமாக்’ இருப்பதைக் கவனியுங்கள். இன்று ஏளனமாக வீசப்படும் அச்சொல்லைத் தாங்கிய ஒருவர்தான் நாட்டின் முதற் பொது மேடைக்கு முதல் போட்டார்!

பங்சாவான் மலாய் மொழியில் நடந்தது. அதன் கதைகளோ எல்லாருடையவும். மலாய் ஹிக்காயத்துகள், அரபுக் கதைகள், இந்துஸ்தானிக் கதைகள், சீனரின் சம் பெக் – எங் தாய் காதற் கதை, சேக்ஸ்பியரின் ஹாம்லெட் ஆகிய யாவும் மேடையேறின. வாத்தியம் வாசித்தவர்களில் பிலிப்பினோக்களும் இருந்தனர். பார்வையாளர் கூட்டத்தில் மலாய்க்காரர், பாபா சீனர், இந்தியர், ஐரோப்பியர் என எல்லாரும் இருந்தனர். குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. ஈயப் பணம் புழங்கிய பேராக் நகரங்கள் அவற்றுக்கு நல்ல வரவேற்பிடங்கள். பிற்காலத்தில் ஈப்போவின் ஜூபிலி பூங்காவைப் போன்ற கேளிக்கைப் பூங்காக்களும் இத்தகைய கலப்புக்கு இடந்தந்தன.

ஒரு சீனர் தம் இனத்துக் கதையில் மலாய் நடிகை அழுவதைப் பார்த்துத் தாமும் கண்கலங்கினார் என்றால், அவ்விடத்தில் நடந்தது பண்டமாற்று மட்டுமன்று. தம் துயரம் இன்னொருவருக்கும் புரிகின்றது என்பதை அவர் கண்டுகொண்டார். இதனை எந்தக் கடையும் விற்க முடியாது.

இம்மேடை பின்னர் தேய்ந்தது. திரைப்படம் வந்து கூட்டத்தை இழுத்தது. ஜப்பானிய ஆட்சியும் அவசரகாலமும் ஊர் சுற்றும் குழுக்களை ஒடுக்கின. 1971இன் தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின் பங்சாவான் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டபோது, அது மலாய் மரபுக் கலை என்ற வடிவிலேயே பெரிதும் போற்றப்பட்டது. பழைய பல்லினக் கலப்புக் குறைந்துவிட்டது என்று பினாங்கு ஆய்வாளர் தான் சூய் பெங் எடுத்துக்காட்டியுள்ளார். தோட்டங்களிலும் நாடகம் உண்டு. அரிச்சந்திரனும் வள்ளி திருமணமும் திருவிழா இரவுகளில் நடந்தன. ஆனால் அவை லயத்து மக்களுக்குள்ளேயே நின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மேடை இருந்தது. எல்லாருக்கும் பொதுவான மேடை மறைந்தது.

4. பிற நாடுகள் கற்பிப்பவை

பொது மேடையை மீண்டும் எழுப்பியவர்கள் உலகில் உண்டு. இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, அமெரிக்கா. 1963இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஜான் ஓநீல், டோரிஸ் டெர்பி, கில்பர்ட் மோசஸ் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள் ‘சுதந்திரத் தென்னாட்டு நாடகக் குழு’வைத் தொடங்கினர். கறுப்பினத்தார் வாக்களிக்கவே அஞ்சிய ஊர்களில் தேவாலயங்களிலும் வெட்டவெளியிலும் நாடகம் போட்டு, முடிவில் பார்வையாளரைப் பேச வைத்தனர். இதிலிருந்து ஓநீல் பின்னாளில் ‘கதை வட்டம்’ என்னும் முறையை வளர்த்தார். எல்லாரும் வட்டமாக அமர வேண்டும். ஒவ்வொருவருக்கும் சமமான நேரம். வாதம் கூடாது, தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். இவ்வாறு சேர்ந்த கதைகளே நாடகமாகும். ஓநீலின் குழு, கென்டக்கி மலைநாட்டின் ஏழை வெள்ளையர் நாடகக் குழுவோடு சேர்ந்து நாடகம் நடத்தியதும் உண்டு. இரு சாராரையும் மோத விட்டு இலாபம் பெற்றவர் யார் என்பதை இரு சாராரும் ஒரே மேடையில் கண்டனர்.

இரண்டாவது, இலங்கை. போர்நிறுத்தம் நிலவிய 2000களின் தொடக்கத்தில் பராக்கிரம நிரியெல்ல, எச். ஏ. பெரேரா ஆகிய சிங்களக் கலைஞர்கள் ‘ஜன கரலிய’ என்னும் மக்கள் நாடகக் குழுவை நிறுவினர். சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒரே குழுவில் சேர்ந்து தங்கிச் சேர்ந்து உண்டனர். ஒருவர் மொழியை ஒருவர் கற்று இரு மொழியிலும் நடித்தனர். கூடாரம் போன்ற நடமாடும் அரங்கத்தோடு ஊர் ஊராகச் சென்றனர். போர் மீண்டும் மூண்டபோதும் அக்குழு கலையவில்லை.

இவ்விரண்டிலும் நாம் காண வேண்டியது ஒன்றுண்டு. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் மனம் அன்றே மாறிவிடாது. மாற்றம் முதலில் ஒத்திகையில் நடக்கின்றது. வாரக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து, இன்னொருவர் பாட்டி பட்ட துன்பத்தைத் தம் வாயால் சொல்லிப் பழகுகின்றவருக்குத்தான் பழைய முத்திரை முதலில் உதிர்கின்றது.

5. ஓர் எச்சரிக்கை

மேடை சுவரை இடிக்கும். மேடையே சுவரைக் கட்டவும் செய்யும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தாரைக் கோமாளிகளாக நடித்துக் காட்டினர். அந்நாட்டின் மிகப் பிரபலமான கேளிக்கையாக விளங்கிய அது, ஓர் இனத்தையே நகைப்புக்குரியதாக்கிற்று. நம் நாட்டிலும் கொச்சை மலாய் பேசும் மாமாக், காசை எண்ணும் சீனத் தவுக்கே, குடித்துத் தள்ளாடும் தோட்டக்காரன், தூங்கி வழியும் கம்பத்துக்காரன் ஆகிய பாத்திரங்களைக் கண்டு நாம் சிரித்ததில்லையா? ஆகவே ஒரு விதியை உறுதியாகக் கொள்ள வேண்டும். ஒருவருடைய கதையை அவரைக் கேளாமல் மேடையேற்றலாகாது.

6. இரண்டு ஐயங்கள்

‘நாடகம் நமக்கு ஆகுமா?’ என்பது முதல் ஐயம். இது மதிக்கத்தக்க கேள்வி. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அவரவர் ஜமாஅத்தின் ஆலிம்களைக் கேட்டு நடப்பதே முறை. முஹர்ரம் நாட்களில் நடந்த பினாங்குப் போரியா ஆட்டத்தை ஆலிம்கள் கண்டித்ததும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கதை சொல்லல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. 1572இல் வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா கேள்வியும் பதிலுமாகவே அமைந்தது. யூசுபு நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா முதலிய கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் ஒருவர் பாட ஊரே கேட்பதற்கென்று பாடப்பட்டவை. அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்று நாடகப் பெயரிலேயே நம் புலவர்களின் ஆக்கங்கள் உண்டு. வேடமும் ஆட்டமும் வேண்டாமென்போர், வட்டமாக அமர்ந்து கதை சொல்லவும் கேட்கவும் தடையென்ன?

‘வியாபாரிக்கு இந்த வம்பு ஏன்?’ என்பது இரண்டாம் ஐயம். வியாபாரம் நாணயத்தில் நிற்கின்றது. நாணயம் அறிமுகத்தில் நிற்கின்றது. ஊரில் வதந்தி கிளம்பி இனக் கசப்பு மூளும்போது முதலில் கதவடைக்க வேண்டியது கடைதான். அவ்வேளையில் நம்மைப் பெயரால் மட்டுமன்றி வாழ்க்கையாலும் அறிந்த நாலு அண்டை வீட்டார் இருப்பது எந்தப் பூட்டையும் விடப் பெரிய காவல். அன்றியும் இன்று நம் கடைகளில் பாத்திரம் கழுவியும் மூட்டை தூக்கியும் வேலை செய்வோரில் பங்களாதேஷ், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர் பலர். அன்று நம் பாட்டன்மார் மீது சொல்லப்பட்ட பழிச்சொற்கள் இன்று அவர்கள் மீது சொல்லப்படுகின்றன. சில வேளைகளில் நம் வாயிலிருந்தே வருகின்றன. அவர்களுடைய கதைக்கும் அவ்வட்டத்தில் இடமிருக்க வேண்டும்.

7. பேராக்கில் தொடங்கும் முறை

(அ) ஊர்: பழைய தோட்டத்துக் குடும்பங்கள், கம்பத்து மக்கள், புதுக்கிராமத்தார் ஆகியோர் அருகருகே வாழும் ஒரு தாமானைத் தேர்ந்தெடுக்கலாம். எட்டு முதல் பத்துப் பேர் போதும். மூத்தவர் பாதி, இளைஞர் பாதியாக இருத்தல் நன்று.

(ஆ) கேள்வி: ‘இனங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் கிடைப்பது மேடைப் பேச்சே. ‘இந்த ஊரில் நீங்கள் தூங்கிய முதல் இரவு எப்படி இருந்தது?’, ‘கடனுக்குச் சாமான் வாங்கிய நாள் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் கதை வரும். ஒருவருக்கு ஐந்து நிமிடம், குறுக்கீடு இல்லை.

(இ) கதைகள்: நம் மண்ணில் கதைக்குப் பஞ்சமில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். மலாய்க்காரரும் சீனரும் அங்கே மடிந்தனர். ஒரே காட்டில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைச் சேர்ந்து சொன்னதுண்டா? பாப்பானில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசுவின் கதை இன்னொன்று. யூரேஷியக் குடும்பத்தில் பிறந்து, இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவரை மணந்த தாதி அவர். சீன மொழி பேசி, ஜப்பானியரை எதிர்த்த போராளிகளுக்கு மறைவாக மருந்திட்டார். 1943இல் பிடிபட்டுக் கொடுஞ்சித்திரவதைக்கு ஆளானார். ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948இல் பிரிட்டனில் காலமானார். இன்று ஈப்போவில் அடக்கமாகியுள்ளார். அவர் எந்த இனத்துக் கதாநாயகி? எல்லா இனத்துக்குமே! கோப்பேங் பகுதியில் பிறந்த ஓவியர் லாட், ஈப்போப் பள்ளி நாட்களின் மலாய் – சீன நட்பை 1980களின் தொடக்கத்தில் படக்கதையாகத் தீட்டி உலகுக்கே காட்டினார். இவை பெரிய கதைகள். இவற்றுக்குக் குறையாதவை உங்கள் 555 நோட்டுக்குப் பின்னால் இருக்கின்றன.

(ஈ) மாற்றிச் சொல்லல்: சொன்னவர் அனுமதியோடு, ஒருவர் கதையை வேறோர் இனத்தவர் சொல்லிப் பழக வேண்டும். தோட்டத்துப் பாட்டியின் கதையை மலாய் மாணவி சொல்லட்டும். புதுக்கிராமத்துத் தாத்தாவின் கதையை நம் பையன் சொல்லட்டும். சொந்தக்காரர் பக்கத்திலிருந்து திருத்தட்டும். பொது மொழி மலாய்; நெஞ்சைத் தொடும் இடங்களில் அவரவர் தாய்மொழி.

(உ) அரங்கேற்றம்: ஊர் மண்டபமோ பள்ளிக்கூடமோ போதும். முடிவில் பார்வையாளரைப் பேச விட வேண்டும். பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் (1931–2009) ஒரு படி மேலே சென்று, ‘இந்த இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்வீர்?’ என்று கேட்டுப் பார்வையாளரையே மேடையேற்றினார். வாடகை வீடு கேட்டு வந்தவரை இனம் பார்த்துத் திருப்பியனுப்பும் காட்சியை நடித்து, அக்கேள்வியை நம் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

(ஊ) வணிகர் பங்கு: கடை அடைத்தபின் இடம் தருவது, தேநீரும் பலகாரமும் தருவது, நடக்கவியலாத முதியவரைக் காரில் அழைத்து வருவது ஆகியவை நாம் எளிதில் செய்யக்கூடியவை. கடைப்பெயர் எழுதிய துணியைக் கட்ட வேண்டாம். தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று நேரத்தை விழுங்கவும் வேண்டாம்.

8. முடிவுரை

லயத்தில் பிறந்து 1948இல் ஊரடங்கைச் சிறுபிள்ளையாகக் கண்டவர்கள் இன்று எண்பதைத் தொட்டும் தாண்டியும் இருக்கின்றனர். சயாமிலிருந்து மீண்டவர்களின் குரல் ஏறக்குறைய அடங்கிவிட்டது. கடனை அடுத்த மாதம் வசூலிக்கலாம். இவர்கள் கதையை அடுத்த ஆண்டு கேட்க முடியும் என்பதற்கு உறுதியில்லை. நம் முன்னோர் பல இனத்தாரையும் ஒரு கடைவாசலில் நிற்க வைத்தார்கள். அவர்களை ஒரு பாயில் உட்கார வைத்துப் பேசச் செய்வது நம் தலைமுறையின் பொறுப்பு.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய கேள்விகள்:

1. உங்கள் கடைக்கு நெடுநாள் வரும் வேற்றினத்தார் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி, அவர் வாங்கும் சாமானைத் தவிர, உங்களுக்குத் தெரிந்தவை யாவை?

2. பங்சாவான் பல இனத்தாரையும் கவர்ந்ததற்கும், பின்னர் அக்கலப்புக் குறைந்ததற்கும் காரணங்கள் யாவை?

3. நம் சமுதாயத்தைக் கேலி செய்யும் பாத்திரத்தைக் கண்டு வருந்துகின்றோம். பிறரைக் கேலி செய்யும் எப்பாத்திரத்தை நாம் பொறுத்துக்கொள்கின்றோம்?

4. உங்கள் ஊரில் கதை வட்டம் ஒன்று கூட்டினால், முதலில் அழைக்க வேண்டிய மூன்று முதியவர் யாவர்? இம்மாதத்துக்குள் அவர்களில் ஒருவரையேனும் சென்று காண இயலுமா?